பூட்டுக்கு எதிராக என் தங்கை

1

இந்தக் கதைக்கு ஒரே காரணம் பெருமை. வேறு உயர்ந்த நோக்கம் எதுவும் கிடையாது. என் தங்கை ஒரு சதுரங்க ஆட்டத்தில் ஜெயித்தாள். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அன்றிலிருந்து எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். கண்ணாடிக் கடையில் சொன்னேன். முடிவெட்டுபவரிடம் சொன்னேன். "அதான் போன தடவையே சொன்னீங்களே சார்" என்று அவர் என் தலையை முன்னால் சாய்த்த பிறகுதான், பேசாமல் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

போர்க்களமாய் விரிந்து கிடந்தது பலகை. கறுப்புப் படையின் நடுவே பதுங்கியிருந்தான் அந்தக் கோழை, அவனுடைய

(இதோடு நின்றுவிட்டது. காரணம், என் நாற்காலிக்குப் பின்னால் நின்று தங்கை படித்துக்கொண்டிருந்தாள்.)

"யாரு கோழை?"

"உன் எதிராளி. பூட்டு."

"நீ அவரோட ஆடியிருக்கியா?"

"இல்ல."

"அப்ப அந்த வார்த்தைய எடு."

எடுத்துவிட்டேன். இந்தக் கதையில் இனி வருவதெல்லாம் அவள் பார்வைக்குத் தப்பியவை, அல்லது அவள் போனால் போகிறதென்று விட்டவை.

2

ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். மொத்தம் மூன்று பேர்தான். என்னைச் சேர்த்தால் நான்கு.

என் தங்கை பிசியோதெரபிஸ்ட். முட்டி மடங்காதவர்களும் தோள் தூக்க முடியாதவர்களும் அவளிடம் வருவார்கள். ஒரு கட்டைவிரல் அளவுக்குக் கை உயர்வதற்காக அவள் வாரக்கணக்கில் காத்திருப்பாள். அதே பெண் சதுரங்கப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்தால் ஆளே மாறிவிடுவாள். அவள் ஆடுகிற சதுரங்க அணியில் அவளுக்கு வைத்த பெயர் 'அவசரம்'.

பூட்டு என்று நான் சொல்கிற மனிதர் மருந்துக் கடை வைத்திருக்கிறார். எதிர் அணிக்காரர். எதிராளி வெள்ளைக் காயோடு, ராஜா முன் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினால் அவரும் அப்படியே தள்ளுவார். பிறகு அதற்குக் காவலாகப் பக்கத்துச் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் முன்னால் வைப்பார். அவ்வளவுதான், கதவைச் சாத்தியாயிற்று. அதற்குப் பின்னால் காய்களை நெருக்கமாக அடுக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். தாக்க மாட்டார். பதற மாட்டார். யானையை ஒரு கட்டம் அந்தப் பக்கம் வைப்பார். அடுத்த முறை இந்தப் பக்கம் வைப்பார்.

சாத்திய கதவைப் பார்த்தால் சிலருக்கு உதைக்கத் தோன்றும். என் தங்கைக்கு எப்போதும் தோன்றும். போன வருட லீக் போட்டியில் உதைத்தாள். மூலைவாட்டில் ஓடும் தன் பிஷப் காயையே பலி கொடுத்து, அவருடைய ராஜாவின் பக்கத்துச் சிப்பாயைப் பிடுங்கினாள். வேடிக்கை பார்த்தவர்கள் 'ஆகா' என்றார்கள். ராஜா வெளியே வந்தது, இரண்டு மூன்று கட்டம் நடந்தது, ஒன்றும் ஆகாமல் உள்ளே போய்விட்டது. ஒரு பிஷப் குறைவாக வைத்துக்கொண்டு அவள் தோற்றாள். அணியும் தோற்றது. அணித்தலைவரான பல் மருத்துவர் அவளைத் திட்டவில்லை. அடுத்த வருடப் பட்டியலில் அவளை மாற்று ஆட்டக்காரியாக வைத்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

இரண்டாவது வரைவில் பூட்டை என் தங்கையின் முன்னாள் கணவராக்கினேன். கேட்டால் பதில் சொல்லாத, சண்டைக்கே வராத கணவன். கதை சட்டென்று சூடு பிடித்தது. சிக்கல் என்னவென்றால் என் தங்கைக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. இந்தக் கதையைப் படித்துவிட்டு அம்மாவுக்கு யார் யார் ஃபோன் செய்வார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். மறுபடியும் அவரை மருந்துக் கடைக்கே அனுப்பிவிட்டேன்.

3

தோற்ற வருடத்தைப் பற்றி எழுதாமல் ஜெயித்த நாளுக்குத் தாவிவிடலாமா என்று பார்த்தேன். முடியவில்லை. அந்த வருடத்தில்தான் எனக்கும் ஒரு வேலை கிடைத்தது.

அவள் கிளினிக்கிலிருந்து வந்ததும் சாப்பாட்டு மேசையில் பலகை விரியும். கறுப்புக் காய் எனக்கு. எனக்குக் காய்கள் நகரும் விதம் தெரியும், அதற்கு மேல் தெரியாது.

"நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்யாத. அதுதான் உன் வேலை. உள்ளயே இரு."

ஒன்றும் செய்யாமல் இருப்பது சுலபமில்லை. யானையை அங்கும் இங்கும் வைத்துக்கொண்டே இருந்தால் கை அரிக்கிறது. எதையாவது தள்ளிப் பார்க்கலாம் போலிருக்கும். தள்ளினால் திட்டு விழும். ஆனால் அவளுக்கு என் பக்கம் பெரிதாகக் கவனமில்லை. தன் கையை அடக்கத்தான் அவள் பழகிக்கொண்டிருந்தாள். பிஷப்பின் தலைமேல் விரலை வைப்பாள், எடுப்பாள். மறுபடி வைப்பாள், எடுப்பாள்.

ஒருநாள் அவளே சொன்னாள். "போன வருஷம் அவர் என்னத் தோற்கடிக்கலண்ணா. சும்மா உட்காந்திருந்தாரு. நானே போய் முட்டிக்கிட்டேன்."

"அப்ப இந்தத் தடவை நீயும் சும்மா உட்காரப் போறியா?"

"அதுவும் தப்பு. அவருக்கு இருக்கறது சின்ன ரூம். அதை இன்னும் சின்னதாக்கணும். கதவைத் தொடவே கூடாது."

இதை எழுதும்போது ஒரு பத்தி விளக்கம் சேர்த்திருந்தேன். பொறுமை என்றால் என்ன, இடம் என்றால் என்ன, வாழ்க்கையில் எப்படி

(அடித்துவிட்டேன். அவள் சொன்னதே போதும்.)

4

போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஒரு பள்ளியின் ஓவிய அறையில் நடந்தது. மேசைகளில் காய்ந்த வண்ணத் திட்டுகள். தண்ணீர்க் குழாய் ஒன்று சரியாக மூடாமல் சொட்டிக்கொண்டே இருந்தது. அணிக்கு நான்கு பலகை, பலகைக்கு ஒருவர். வழக்கமாக நான்காம் பலகையில் ஆடுகிறவருக்குக் காய்ச்சல். பல் மருத்துவர் காலையில் ஃபோன் செய்தார். "வர முடியுமா?" என்று மட்டும் கேட்டார். யாரோடு ஆட வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. இருவருக்கும் தெரியும்.

அணியின் நிலை இதுதான்: அன்று தோற்றால் கீழ்ப்பிரிவுக்கு இறங்க வேண்டும். சமமாக முடித்தால்கூடப் போதும், இருக்கிற இடத்தில் இருக்கலாம்.

பூட்டு எழுந்து நின்று கை கொடுத்தார். சட்டைப் பையில் இரண்டு பேனா. "சௌக்கியமாம்மா?" என்றார். "நல்லா இருக்கேன் சார்" என்றாள். (வில்லன் இப்படியா பேசுவான் என்று கேட்காதீர்கள். நான் என்ன செய்யட்டும், அவர் அப்படித்தான் பேசினார்.)

அவள் ராஜா முன் சிப்பாயைத் தள்ளினாள். அவர் கதவைச் சாத்தினார். கொஞ்ச நேரத்தில் போன வருடத்து நிலையே பலகையில் வந்துவிட்டது. அவளுடைய பிஷப் அதே இடத்தில் நின்று அதே சிப்பாயைக் குறிபார்த்தது. பல் மருத்துவர் பின்னால் வந்து நின்றார்.

அவள் கை பலகைக்கு மேலே போனது. பிஷப்பைத் தாண்டி, இடது ஓரத்துச் சிப்பாயைத் தொட்டு இரண்டு கட்டம் தள்ளியது.

அவ்வளவுதான். யாரும் 'ஆகா' என்று சொல்லவில்லை. ஆனால் பூட்டு, ஆட்டம் தொடங்கியபின் முதன்முறையாக நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்.*

* பிறகு கேட்டேன். அந்தப் பக்கத்தில் அவர் மெல்லச் சிப்பாய்களை முன்னேற்றி மூச்சு விடுவது வழக்கமாம். "ஜன்னலைச் சாத்தினேன்" என்றாள்.

அதன்பின் அவள் செய்தவை எதுவும் எழுத்தில் பிரமாதமாக இருக்காது. நெரிசலில் முடங்கிக் கிடந்த தன் குதிரை ஒன்றைக் கையிலெடுத்தாள். அதைப் பின்வாங்கச் செய்து, சுற்று வழியாக ராஜா பக்கம் கொண்டுவந்தாள். யானைகளை நடுவுக்கு அழைத்தாள். ஓரத்துச் சிப்பாயை இன்னும் ஒரு கட்டம் தள்ளினாள். நோயாளியின் காலுக்குக் கீழே தலையணையைச் சரிசெய்கிற மாதிரி ஒவ்வொரு காயையும் வைத்தாள். அவர் யானையை அந்தப் பக்கம் வைத்தார். இந்தப் பக்கம் வைத்தார்.

5

மற்ற மூன்று பலகைகளும் முடிந்தன. ஒன்றில் வெற்றி, ஒன்றில் தோல்வி, ஒன்று டிரா. அறையில் இருந்த எல்லோரும் நான்காம் பலகையைச் சுற்றி வந்து நின்றார்கள்.

அப்போது பூட்டு ஒரு காயை நகர்த்திவிட்டு, "டிரா?" என்று மெதுவாகக் கேட்டார்.

டிரா போதும். அணி பிழைத்துவிடும். எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்ல மட்டும் தலைவருக்கு விதி இடம் கொடுக்கிறது. பலகையைப் பற்றி வேறு ஒரு வார்த்தை பேசக் கூடாது. பல் மருத்துவர் குனிந்தார். "எடுத்துக்கலாம்மா" என்றார். அவர் குரலில் கட்டளை இல்லை. கெஞ்சல்தான் இருந்தது.

அவள் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய அவசரம் திரும்பிவிட்டதோ என்று நான் பயந்தேன். வேண்டாம், எடுத்துக்கொள், உன் அண்ணனுக்கு இரத்தக் கொதிப்பு இருக்கிறது என்று மனசுக்குள் சொன்னேன்.

"ஆடலாம் சார்" என்றாள் அவரிடம்.

பல் மருத்துவர் நிமிர்ந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

இந்த இடத்தில் இரண்டு பக்கம் அவள் மனதுக்குள் புகுந்து எழுதியிருந்தேன். மானம், பழி, போன வருடக் கண்ணீர், எல்லாம் இருந்தது. அவள் ஒரே கோட்டில் அடித்தாள்.

"அதெல்லாம் இல்ல. அவருக்கு நகர்த்த ஒண்ணும் மிச்சமில்ல. எனக்கு ஒரு ஆபத்தும் இல்ல. அந்த ரூம்லயே நிம்மதியா உட்காந்திருந்தது நான் ஒருத்திதான். எதுக்கு எழுந்திரிக்கணும்?"

பிறகு நடந்தது இது. அவள் ராஜாவை ஒரு கட்டம் நகர்த்தினாள். அவசியமே இல்லாத நகர்வு. உங்கள் முறை என்று மட்டும் அதற்கு அர்த்தம். பூட்டு வெகுநேரம் யோசித்தார். அங்கும் இங்கும் வைக்க யானைக்குக்கூட நல்ல இடம் இல்லை. வருடக்கணக்கில் மற்றவர்களை அரித்த அந்த அரிப்பு இப்போது அவர் விரலுக்கு வந்தது. தன் ராஜா பக்கத்துச் சிப்பாய் ஒன்றை இரண்டு கட்டம் தள்ளினார். அதுவரை அது நகராமல் நின்றதுதான் அவருக்குப் பாதுகாப்பு.

அது விட்டுப்போன ஓட்டைக்குள் அவளுடைய குதிரை போய் உட்கார்ந்தது. விரட்ட ஒரு சிப்பாயும் இல்லை. அதற்குப் பிறகே அவள் நடுவழியைத் திறந்தாள். யானைகள் உள்ளே போயின. ஒரு சிப்பாய் விழுந்தது, இன்னொன்று விழுந்தது. பூட்டு பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிவிட்டு, தோல்வியை ஒப்புக்கொண்டு கையை நீட்டினார்.

"போன வருஷம் நீங்க வருவீங்கன்னு காத்திருந்தேன், வந்தீங்க" என்றார். "இந்த வருஷமும் காத்திருந்தேன். நீங்க வரவே இல்லையே."

அந்த வாக்கியத்தைச் சொன்ன மனிதரைத்தான் நான் கோழை என்று எழுதினேன்.

இருவரும் அங்கேயே காய்களை மறுபடி அடுக்கி, எங்கே தவறினோம் என்று பார்க்க உட்கார்ந்தார்கள். நான் வெளியே போய்ச் சுவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு வந்தேன். என் தங்கை. நான்காம் பலகை. வெள்ளைக் காய்.

6

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

பல் மருத்துவர் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்கிறார். (அவர் எதற்குக் கேட்க வேண்டும்? அவர் சொன்னதும் சரிதானே.)

அவளுக்கு முதல் பலகை கொடுக்கிறார்கள், அறை முழுக்கக் கைதட்டல். (அந்த அறையில் யாரும் கை தட்டவில்லை. பள்ளிக் காவலாளி விளக்கை அணைக்க அவசரப்படுத்தினார்.)

உண்மையில் நடந்தது இவ்வளவுதான்: சில நாள் கழித்துப் பல் மருத்துவர் கழுத்து வலி என்று அவள் கிளினிக்குக்கு வந்தார். நாள் முழுக்க மற்றவர்கள் வாய்க்குள் குனிகிறவர்களுக்கு வருகிற வலி. அவள் அவரைக் குப்புறப் படுக்க வைத்துத் தோளை அழுத்தினாள். தலையணைக்குள்ளிருந்து குரல் வந்தது. "தோத்திருந்தா என்னம்மா பண்ணியிருப்ப?"

"உங்களுக்கு இன்னும் அதிகமா வலிச்சிருக்கும் சார். அசையாதீங்க."

அசையாமலே, "சரியாத்தான் ஆடின" என்றார்.

இங்கே முடித்திருக்கலாம். முடித்தும்விட்டேன். நேற்று அவளிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். "நல்லா இருக்கு. ஆனா ஒண்ணு. அடுத்த வருஷம் கறுப்புக் காய் வந்தா, பூட்டு சாரோட ஆட்டத்தையே ஆடலாம்னு இருக்கேன்."

"நீயா?"

"ஆமா. கடைப்பக்கம் போயிருந்தேன். சேர்ந்து பாக்கலாம்னாரு."

"ஒரு வருஷமா அத உடைக்கத்தானே படிச்ச?"

"படிச்சதுல பிடிச்சுப்போச்சு."

சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள். நான் எழுதிய கதை மொத்தமும் ஆட்டம் கண்டது. கதவை உதைக்காமல் திறந்தவள் என்று இவ்வளவு பக்கம் பெருமை அடித்தாகிவிட்டது. அவளோ உள்ளே போய்த் தாழ்ப்பாள் போடப் போகிறாளாம். எதிரே ஒரு அவசரக்காரர் வந்து உட்கார்ந்தால் தாங்குவாளா, அல்லது அவளைப் போலவே காத்திருக்கத் தெரிந்த ஒருவரிடம் மாட்டிக்கொள்வாளா? எனக்கு ஒரு அபிப்பிராயம் இருக்கிறது. ஆனால் நான் அண்ணன். என் அபிப்பிராயத்தை யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள். அடுத்த வருட ஆட்டத்தை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

அவள் தோற்பதாக எழுதினால் எனக்குக் காட்ட வேண்டாம்.