மெர்கோங் கடையின் மூன்றாவது பெயர்

1

இந்தக் கதையை நான் திருடினேன். போன மாதம் அலோர் ஸ்டாருக்குப் போனபோது, மெர்கோங் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் மத்தியானம் மூன்று மணிக்குத் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசையில் நான்கு பேர். அவர்கள் பேசியதில் பாதி என் காதில் விழுந்தது, மீதியை நான் இட்டுக்கட்டினேன். எது எந்தப் பாதி என்று கேட்காதீர்கள், எனக்கே இப்போது குழம்பிக் கிடக்கிறது.

பெயர்கள் எல்லாம் என் சொந்தச் சரக்கு. கடைக்காரர் இதைப் படித்துவிட்டால் எனக்கு இனி அங்கே மீன் தலைக் கறி கிடையாது.

2

முதல் தொடக்கம்: "நாற்பது வருடமாகத் தன் ஒருவர் பெயரிலேயே கடை நடத்திய நாகூர் மீரான், மறுநாள் பினாங்கில் நெஞ்சு ஆப்பரேஷனுக்குப் போவதற்கு முன், கடையை யார் பெயரில்…"

இரண்டாவது தொடக்கம்: "வாப்பா கடையில் தன்னைத்தான் பங்காளியாகப் போடுவார் என்பது ஃபிரோஸுக்குச் சின்ன வயதிலிருந்தே…"

[விட்டுவிட்டேன். ஃபிரோஸ் கெட்டவன் இல்லை. வார நாளில் சுங்கைப் பட்டாணியில் கார் விற்கிறான், வார விடுமுறையில் வந்து கல்லாவில் உட்காருகிறான். அவனை வைத்துக் கதை நகரமாட்டேன் என்கிறது.]

இரண்டையும் திருப்பிப் படித்தேன். இரண்டிலும் நபீலா ஒரே வாக்கியத்தில்தான் வருகிறாள்: "மகள் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்." பதினோரு வருடமாக அந்த அடுப்படியைக் கட்டி இழுக்கிறவளுக்கு நான் கொடுத்த இடம் அவ்வளவுதான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இனிமேல் எல்லாம் அவள் பக்கமிருந்து.

3

காலையிலிருந்து நபீலா நான்கு முறை கைப்பேசியை எடுத்துப் பார்த்துவிட்டாள். வியாபாரப் பதிவுக்கான விண்ணப்பப் பாரம் திரையில் முழுதாக நிரப்பிக் கிடந்தது. தனி வியாபாரம். உரிமையாளர் ஒரே ஆள், நபீலா. நாலு தெரு தள்ளி ஒரு சின்ன இடமும் பேசி வைத்திருந்தாள். 'ஹந்தார்' பொத்தானை அமுக்கினால் பாரம் போய்விடும்.

இன்றைக்கு வாப்பா கையெழுத்துப் போடுகிற பேப்பரில் தன் பெயர் இல்லாவிட்டால் அமுக்கிவிடுவது என்று விடியற்காலை பஜ்ரு தொழுகை முடிந்ததுமே முடிவு செய்தாயிற்று. அவள் போய்விட்டால் இந்தக் கடையில் அடுப்பைத் தொட ஆள் இல்லை. நாளைக்கு நெஞ்சைத் திறக்கப் போகிற மனிதருக்கு இன்றைக்கு இது தெரிந்தால் என்ன ஆகும்? அந்த நினைப்பில் கரண்டியை மறந்தாள். கோழிக் குழம்பு அடிபிடித்துவிட்டது. பதினோரு வருடத்தில் முதல் தடவை.

(அந்தக் குழம்பை நான் சாப்பிட்டேன். இது இட்டுக்கட்டல் இல்லை.)

4

சரியாக மூன்று மணிக்குப் பிரேமாவதி கோப்புகளோடு வந்தாள். கம்பெனி செக்ரட்டரி. அந்த வட்டாரத்துக் கடைகள் பலவற்றுக்கும் காகித வேலை பார்ப்பவள்.

"அங்கிள், இப்ப கட உங்க பேர்ல மட்டும் இருக்கு. லைசென்ஸ், பேங்க், வாடக அக்ரிமென்ட் எல்லாம் உங்களோட ஒட்டிக்கிட்டு நிக்குது. ஏதாச்சும் ஒண்ணுன்னா…"

"ஏதாச்சும் ஒண்ணுன்னா என்னம்மா?" என்றார் நாகூர் மீரான்.

ஆப்பரேஷனுக்குத் தேதி குறித்த நாளிலிருந்து அந்தக் குடும்பத்தில் ஒரு வார்த்தையை எவரும் சொல்வதில்லை. சொன்னால் நடந்துவிடும் என்ற பயம்.

"அதான் பார்ட்னர்ஷிப்னு பேசியாச்சே லா," என்றான் ஃபிரோஸ். "வாப்பாவும் நானும். செனாங்! சுலபம்தான். ஒரு பாரம், ரெண்டு கையெழுத்து."

"ரெண்டு பேரு கூட்டுல ஒருத்தருக்கு… ஏதாச்சும் ஒண்ணுன்னா கூட்டு கலஞ்சிரும் தம்பி. அப்புறம், நீங்க செய்யிற பிழைக்கு அங்கிளும் பொறுப்பு. அவரு செய்யிற பிழைக்கு நீங்களும் பொறுப்பு. கேஸுன்னு வந்தா குடியிருக்கிற வீடு வரைக்கும் வரும்."

"அப்ப எதுதான் சரி?" என்றார் பெரியவர்.

"ஆளுக்கும் கடைக்கும் தக்கபடி இருக்கு அங்கிள். ஒத்த ஆளா சின்னதா ஸ்டால் போடுறவங்களுக்குத் தனி வியாபாரம் போதும்."

நபீலா கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

"ஆனா உங்களுக்கு அப்புறமும் இந்தக் கட நிக்கணும்னா, செண்டிரியான் பெர்ஹாட்டா, பிரைவேட் லிமிடெட் கம்பெனியா மாத்துங்க. சட்டத்துக்குக் கம்பெனி ஒரு தனி ஆள். பங்குக்காரங்க வரலாம், போகலாம், அது பாட்டுக்கு இருக்கும். யார் யாரு பங்குக்காரங்கன்னு மட்டும் இன்னைக்கே எழுதிக் கொடுங்க."

* இங்கே எனக்கு ஒரு பொறாமை. எழுதுவது தனி வியாபாரம். கதையில் எங்கே பிழை வந்தாலும் அது நேராக என் வீட்டுக்குத்தான் வரும். பழியைத் தூக்கிப் போட எனக்கு ஒரு செண்டிரியான் பெர்ஹாட் இல்லை.

5

"வாப்பா," என்றாள் நபீலா. "நாளைக்கு நீங்க மவுத்தாயிட்டா கடைய யாரு தொறக்கிறது?"

யாரும் சொல்லாத அந்தச் சாவு வார்த்தையைக் கேட்டு ஃபிரோஸ் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "அக்கா! என்ன பேச்சு பேசுற?"

பிரேமாவதி கோப்பின் பக்கங்களைப் புரட்டினாள். நாகூர் மீரான் மட்டும் கையைக் காட்டி மகனை உட்காரச் சொன்னார்.

"நீதான் தொறப்ப. தெனம் நீதானே தொறக்கிற?"

"தெனம் நான்தான் தொறக்கிறேன். எந்தப் பேப்பர்ல இருக்கு?"

"ஒனக்கெதுக்குப் பேப்பரு? நீ என் மவ."

"இவன் உங்க மவன்தானே? இவனுக்கு மட்டும் எதுக்கு?"

அவர் சற்று நேரம் மேசையைத் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை. "பொட்டப்புள்ள பேர கடையில போட்டா, மருமகன் வந்து கல்லாவுல குந்திக்குவாருன்னு எங்க வாப்பா சொல்லுவாஹ."

"அவரு பஸ்ஸு ஓட்டுறாரு வாப்பா. பதினோரு வருஷத்துல கல்லாவ எட்டிக்கூடப் பாக்கல."

ஃபிரோஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே அடக்கிக்கொண்டான். அந்த ஒரு சிரிப்புக்காக அவனை எனக்குப் பிடித்தது.

6

[இந்த இடத்தில் பெரியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வதாக ஒரு பக்கம் எழுதினேன். கிழித்தேன். கதை எழுதுகிறவன் தப்பித்து ஓட அதைவிட மலிவான வழி கிடையாது.]

அவர் சாயவில்லை. பிரேமாவதியிடமிருந்து தாளை வாங்கினார். பெயர், அடையாள அட்டை எண், மூன்று வரி. முதல் வரியில் தன்னுடையதை எழுதினார். இரண்டாவதில் ஃபிரோஸின் பெயரை எழுதி, பன்னிரண்டு இலக்கத்தையும் யாரையும் கேட்காமல், எங்கும் பார்க்காமல், கடகடவென்று எழுதினார்.

மூன்றாவது வரியில் 'நபீலா' என்று எழுதினார்.

அவளுக்குக் கண் கலங்கியது. கேட்டது கிடைத்துவிட்டது. கைப்பேசியைப் பைக்குள் போடக் கை போனது. அப்போது பேனா நின்றது.

"ஒன் ஐசி நம்பரு என்னம்மா?"

வெளியூர் வாசகருக்காக ஒரு வார்த்தை: எங்கள் அடையாள அட்டை எண்ணின் முதல் ஆறு இலக்கம், பிறந்த வருடம், மாதம், நாள். பிள்ளை பிறந்த நாள் தெரிந்த தகப்பனுக்குப் பாதி எண் தானாகவே தெரியும்.

அவர் பேனாவோடு காத்திருந்தார். கேட்டதில் தப்பு எதுவும் அவருக்குத் தெரியவில்லை. ஃபிரோஸுக்குத் தெரிந்தது, அவன் தலையைக் குனிந்துகொண்டான். நபீலாவின் கை பைக்கும் மேசைக்கும் நடுவே அப்படியே நின்றது.

7

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். எண்ணைச் சொல்கிறாள், வேலைக்குத் திரும்புகிறாள். சொல்லாமல் எழுந்துபோய்ப் பொத்தானை அமுக்குகிறாள். மூன்றாவதில், "தெரிஞ்ச வரைக்கும் நீங்களே எழுதுங்க வாப்பா," என்கிறாள். அதை எழுதியபோது என் கையே கூசியது.

நிஜத்தில் அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. அந்த நிமிடத்தை உட்கார்ந்து பார்க்கத் தைரியமில்லாமல் நான் கை கழுவ எழுந்து போய்விட்டேன். எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். குழாயைத் திறந்துவிட்டு அவள் எண்ணைச் சொல்லிப் பார்த்தேன். வருடம் வந்தது. மாதம் வந்தது. நாளில் நின்றேன், பதினேழா, பத்தொன்பதா?

ஆகவே இந்த முடிவை எழுத எனக்கு யோக்கியதை இல்லை. வாப்பா காத்திருக்கிறார், நபீலா வாயைத் திறக்கிறாள். உங்கள் பிள்ளைகள் பிறந்த நாளெல்லாம் உங்களுக்கு நினைவிருந்தால், அவள் சொன்னதை நீங்கள் எழுதுங்கள்.