வெறும் வயிறு

வேம்புலியிடம் பொய் சொல்லிவிட்டு அந்த மேஜை மேல் யாரும் ஏறிவிட முடியாது. எழுபத்தாறாம் வருஷம் அம்பத்தூரில் டாக்டர் ஜானகிராமன் கிளினிக்கில், ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும், வாய் வழியாக டியூப் விட்டு வயிற்றுக்குள்ளே பார்க்கும் பரிசோதனை நடந்துகொண்டிருந்தது. டாக்டர் மற்ற நாட்களில் பட்டணத்தில் பெரிய ஆஸ்பத்திரி வேலையில் இருப்பார். டியூபைக் கழுவி, துடைத்து, விளக்குப் பெட்டியைப் பூட்டி, ஆளைப் படுக்க வைத்து, தலையைப் பிடித்துக்கொள்வது வரை எல்லாம் வேம்புலிதான்.

வருகிறவர்களிடம் அவன் கேட்கிற முதல் கேள்வி ஒன்றே ஒன்று. "ராத்திரிலேந்து வெறும் வயிறுதானே?" எல்லாரும் ஆமாம் என்பார்கள். பாதிப் பேர் சொல்வது புளுகு. "டீத்தண்ணிதானே நைனா, அது இன்னா சோறா?" என்பான் ஒருத்தன். வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே வந்து நிற்பாள் ஒருத்தி. இவர்களையெல்லாம் வைத்துக்கொண்டு என்னதான் செய்வது? ஆனாலும் வேம்புலி கையில் ஒரு வித்தை இருந்தது. டியூப் விடுவதற்கு முன்னால் தொண்டை மரத்துப்போக மருந்து பீச்சுவான். குமட்டிக்கொண்டு வரும். கிண்ணத்தை நீட்டுவான். அதில் ஒரு பருக்கை தெரிந்தாலும் போதும், "எழுந்து போ, அடுத்த வாரம் வா" என்று வெளியே அனுப்பிவிட்டு, நோட்டில் 'சாப்பிட்டு வந்தவர்' என்று எழுதிவிடுவான். இதற்கெல்லாம் டாக்டரைக் கூப்பிட மாட்டான். வயிற்றில் சோறு இருந்தால் அது மேலே வந்து மூச்சுக்குழலில் இறங்கி ஆள் போய்விடும் என்று டாக்டரே சொன்னதுதானே.

வானகரத்திலிருந்து அய்யாசாமி என்று ஒருத்தர் வந்தார். எலும்பும் தோலுமாக இருந்தார். கிண்ணத்தில் பழைய சோறும் கீரையுமாகக் கக்கினார். "ரெண்டு நாளா ஒண்ணும் துன்னலை நைனா, சத்தியமா" என்று கையெடுத்துக் கும்பிட்டார். "சோத்தைக் கக்கிக்கினே சத்தியம் பண்றியா?" என்று வேம்புலி அத்தனை பேர் முன்னாலும் ஏசி அனுப்பினான். அடுத்த வாரமும் அதே கதை, அதே சத்தியம். மூன்றாவது வாரம் ஆள் வரவில்லை.

வேம்புலிக்கு இதில் பெருமைதான். மேனாம்பேட்டில் அவன் அப்பன் அடுத்தவன் கழனியில் சேறு மிதித்தவன். கழனியெல்லாம் தொழிற்பேட்டை ஆன பிறகு, கிளினிக்கில் தரை துடைக்க வந்து சேர்ந்த வேம்புலியை டாக்டர் டெக்னீஷியன் ஆக்கினார். "நீ இல்லேன்னா இந்த டியூப் ஒரு மாசம் தாங்காதுப்பா" என்பார்.

ஊருக்கெல்லாம் டியூப் பிடித்தவன் சொந்தப் பெண்டாட்டியைக் கோட்டைவிட்டான். பங்குனியிலிருந்து நாகவல்லிக்கு வாந்தி. சாப்பிட்டதில் பாதியாவது திரும்பி வந்துவிடும். பித்தம் என்றான். சோடா வாங்கிக் கொடுத்தான், வயிற்றுப் புண்ணுக்கான வெள்ளை மருந்தைக் கிளினிக்கிலிருந்து எடுத்துப் போனான். அவள் ஜாக்கெட்டெல்லாம் தொளதொளத்து, வளையல் முழங்கை வரை ஏறத் தொடங்கிய பிறகுதான் இது பித்தமில்லை என்று அவனுக்குப் பட்டது.

அதற்குள் டியூபுக்குக் கேடு வந்துவிட்டது. அதனுள் ஓடும் கண்ணாடி இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, பார்வையில் கரும்புள்ளிகள் மொய்த்துவிட்டன. இந்த ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்ததும் பழுது பார்க்க ஜப்பானுக்குக் கப்பலேறுகிறது. போய், வந்து, துறைமுகத்தில் விடுவிக்க ஆறு மாதம் ஆகும். நாகவல்லிக்கு ஆறு மாதம் இல்லை என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. இன்றைக்கு விட்டால் இல்லை. கடைசிப் பெயராக அவளை எழுதிவைத்தான்.

அன்று பார்த்து ஆடி ஞாயிறு. தெருவில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள். காலை ஆறு மணிக்குக் கிளம்பும்போதே அவளை உட்கார வைத்துச் சொன்னான்.

"தோ பாரு. கூழ் ஊத்துவானுங்க. எவ வந்து கூப்ட்டாலும் போவாத. ஒரு வாய் கூட உள்ள போவக் கூடாது."

"எனக்குத் தெரியாதாய்யா? நீ போ."

பத்தரை மணிக்கு அவள் முறை வந்தது. டாக்டர் கை கழுவப் போயிருந்தார். வேம்புலி அவள் வாயைத் திறக்கச் சொல்லி மருந்தைப் பீச்சினான். குமட்டியது. கிண்ணத்தைப் பிடித்தான்.

கேழ்வரகுக் கூழ் வந்தது. குருணை நொய்யும், பொடிசாக நறுக்கிய வெங்காயமும் அப்படியே தெரிந்தன.

வேம்புலி கிண்ணத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். "அடிப்பாவி" என்றான், வெளியே கேட்காதபடி. "குடிச்சிட்டு வந்துட்டியே."

"இல்லய்யா. இது வெள்ளிக்கெழமை குடிச்சது. பிள்ளையார் கோயில் தெருவுல ஊத்துனாங்களே, அது."

"வெள்ளிக்கெழமை குடிச்ச கூழு ஞாத்துக்கெழம வரைக்கும் குந்திகினு இருக்குமா? யாருகிட்ட கத உட்ற?"

"சத்தியமாய்யா. நேத்துலேந்து பச்சத்தண்ணி தவிர ஒண்ணும் குடிக்கல."

சத்தியம். இந்த மேஜைமேல் அவன் கேட்காத சத்தியமா? வேறு யாராக இருந்தாலும் இந்நேரம் வெளியே தள்ளி நோட்டில் எழுதியிருப்பான். ஆனால் நாளைக்கு டியூப் இல்லை. டாக்டரிடம் உண்மையைச் சொன்னால் பரிசோதனை இல்லை. சொல்லாவிட்டால் இவள் மூச்சு முட்டிச் சாகலாம். எப்படிப் பார்த்தாலும் சாவுதான் எதிரில் நின்றது. ஆத்திரத்தில் அவள் கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போலவும், காலைப் பிடித்து அழலாம் போலவும் இருந்தது. டாக்டரின் செருப்புச் சத்தம் கேட்டது. கிண்ணத்தின் மேல் ஒரு துணியைப் போட்டு மேஜைக்கடியில் தள்ளினான்.

"வெறும் வயிறுதானே வேம்புலி?"

"வெறும் வயிறுதான் சார்."

ஏழு வருஷத்தில் அவரிடம் அவன் சொன்ன முதல் பொய் அது.

அவளை இடப்பக்கமாகப் படுக்க வைத்தான். பற்களுக்கு நடுவே வாய்க்கட்டையைக் கொடுத்து, தலையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டான். டியூப் இறங்கியது. டாக்டர் குனிந்து கண்ணை வைத்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"என்னப்பா இது? வயிறு முழுக்கக் குளமா நிக்குது."

அதற்குள் நாகவல்லியின் உடம்பு தூக்கிப் போட்டது. தொண்டையில் களகளவென்று சத்தம். டாக்டர் டியூபை உருவி எடுத்தார். வேம்புலி அவள் தலையைத் தொங்கவிட்டு, உறிஞ்சும் குழாயை வாய்க்குள் விட்டான். கூழ் கூழாக வந்தது. அவள் உதடு நீலம் பாய்ந்திருந்தது. மாங்காட்டு அம்மனையும் அவளையும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டுக்கொண்டே உறிஞ்சினான். கடைசியில் அவள் பெரிதாக இருமி மூச்சை இழுத்தாள். அவன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"நான்தான் சார். எனக்குத் தெரியும். காலைல கூழ் குடிச்சிட்டு வந்துட்டா. தெரிஞ்சேதான் மறைச்சேன்." கிண்ணத்தை இழுத்து வெளியே வைத்தான்.

டாக்டர் கத்துவார் என்று நினைத்தான். அவர் கத்தவில்லை. நாகவல்லியைப் பார்த்து, "எப்போ குடிச்சீங்கம்மா?" என்றார்.

"வெள்ளிக்கெழமைங்க" என்றாள் அவள், மரத்த நாக்கால்.

டாக்டர் கிண்ணத்தை எடுத்து முகர்ந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்புறம் அவள் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்து மெல்லக் குலுக்கினார். பாதி நிரம்பிய குடத்தைத் தூக்கும்போது கேட்குமே, அந்தச் சத்தம் அவள் வயிற்றுக்குள்ளிருந்து கேட்டது. வயிற்றின் மேல்பக்கம் விரலால் அழுத்திக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நின்றார். அதே இடத்தை மறுபடி அழுத்திப் பார்த்தார்.

வேம்புலியை ஜன்னல் பக்கம் அழைத்துப்போய்த்தான் பேசினார். "அவங்க சொல்றது நிஜம்ப்பா. இது அழுகின வாடை, காலைல குடிச்ச கூழ் இப்படி நாறாது. வயித்திலேர்ந்து குடலுக்குப் போற வழி அடைஞ்சு கிடக்கு. கட்டி கையில தட்டுது. சாப்பிட்டது எங்கே போகும்? நாள்கணக்கா அங்கேயே கிடக்கும். இதுக்கு டியூபே வேண்டாம், என்கிட்ட முன்னாடியே காட்டியிருந்தா கையாலயே சொல்லியிருப்பேன். லெட்டர் தரேன், இன்னைக்கே பட்டணத்துக்குக் கூட்டிட்டுப் போ. ஆபரேஷன் பண்ணுவாங்க. பண்ற நிலைமையில இருக்கான்னு திறந்து பார்த்தாத்தான் தெரியும்."

வேம்புலி தலையை ஆட்டினான். காதில் விழுந்ததா இல்லையா என்று அவனுக்கே தெரியவில்லை.

டாக்டர் கதவுவரை போய்த் திரும்பினார். "இதே மாதிரி, சாப்பிடவே இல்லேன்னு சொல்லிட்டு சோறு கக்கினவங்க வேற யாராவது வந்தாங்களா?"

கேள்வியைக் கேட்டதும் வேம்புலிக்கு அந்தக் கும்பிட்ட கை முன்னால் வந்து நின்றது. வளைந்த விரல்கள், மணிக்கட்டில் துருத்திய எலும்பு.

"வானகரத்துக்காரர் ஒருத்தர், சார். ரெண்டு வாட்டி வந்தார். திருப்பி அனுப்பிட்டேன்."

"எப்போ?"

"தை மாசம்."

டாக்டர் தையிலிருந்து ஆடி வரை விரல் விட்டு எண்ணினார். பிறகு லெட்டர் எழுதப் போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

அறையில் அவனும் நாகவல்லியும் மட்டும்தான். அவள் மேஜை விளிம்பில் கால் தொங்கப் போட்டு, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வேம்புலி அவள் முன்னால் போய் முட்டி போட்டு உட்கார்ந்தான். பொய்க்காரர்களைப் பிடித்தே பேர் வாங்கினவன், அவள் பாதங்களைப் பிடித்துக்கொண்டான். இவள் ஒருத்தி பொய் சொல்லியிருந்தால் போதும், அடைப்பு என்பதே இல்லையென்று ஆகிவிடும்.

"நாகு, நான் கோச்சிக்க மாட்டேன். இன்னிக்கி காலைலதானே குடிச்ச? பசி தாங்காம ஒரு சொம்பு குடிச்சிட்ட. அம்மாந்தானே? குடிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லு. டாக்டராண்ட நான் சொல்லிக்கிறேன். சொல்லும்மே."

அவள் அவனை விசித்திரமாகப் பார்த்தாள். அவன் அழுகிறான் என்பது அவளுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது. அவன் தலையில் கை வைத்தாள்.

"இன்னாய்யா நீ? நம்பவே மாட்டியா? சாமி கூழ் அது. அத்த வச்சிகினு நான் பொய் சொல்வேனா? வெள்ளிக்கெழமதான் குடிச்சேன்."