மரவட்டை மிஷினில் முதல் பெயர்

செவ்வாய்க்கிழமை சாயங்காலம், ஒரு பிறந்தநாள் கூட்டத்துக்குப் பிட்சா தட்டைத் தூக்கிக்கொண்டு விளையாட்டு அறை வழியாகப் போனபோதுதான் அதைப் பார்த்தேன். மரவட்டை என்கிற வீடியோ ஆட்ட மிஷினில் யாரும் ஆடவில்லை. ஆள் இல்லாத நேரத்தில் அது தன் பட்டியலைத் தானே காட்டிக்கொண்டிருக்கும். அன்றைக்கு அதிகப் பாயிண்ட் எடுத்தவர்கள் யார், எவ்வளவு என்று. முதல் இடத்தில் மூன்று எழுத்து. வி, எல், கே. வெர்னன் லீ கோசாக். என் முன்னாள் புருஷன்.

தட்டைக் கீழே போடாமல் மேஜை வரை கொண்டுபோய்ச் சேர்த்தேன். அன்று நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

என் மகள் ராபினை எனக்கென்று எழுதிக் கொடுத்தவர் டோலிடோ நீதிபதி. அப்பன் பார்க்க வேண்டுமானால் ஒரு அதிகாரி கூட இருக்க வேண்டும், முன்னாலேயே சொல்ல வேண்டும் என்று நிபந்தனை. அன்றைக்குக் கோர்ட்டுப் படியில் நின்று வெர்னன் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "எப்ப தூக்கணும்னு தோணுதோ அப்ப தூக்கிட்டுப் போயிடுவேன், போடி." மிச்சிகன் மாநில எல்லை எங்கள் ஊருக்குக் கூப்பிடு தூரம். எல்லையைத் தாண்டிவிட்டால் இந்த ஊர்க் கோர்ட்டுக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு வக்கீல் பின்னால் வருஷக்கணக்கில் அலைய வேண்டியதுதான். காலையில் பால் ஊற்றினால் டப்பாவில் அச்சடித்த படத்திலிருந்து காணாமல் போன பிள்ளை ஒன்று சிரிக்கிறது. விசாரித்தால் பாதிக்குப் பாதி பெற்ற அப்பனே தூக்கிக்கொண்டு போனது. நான் எப்படித் தூங்குவேன்?

எனக்கு இந்த உலகத்தில் இருப்பது பதினொரு வயதில் அந்த ஒன்றுதான். அவளை யாராவது தூக்கிப் போய்விட்டால் நான் செத்தேன். அவ்வளவுதான் கதை.

நான் வேலை பார்க்கும் இடத்தின் பெயர் 'ஜாலி வால்ரஸ்'. பிட்சா, பந்து உருட்டி டிக்கெட் வாங்கும் பலகை, வரிசையாக வீடியோ மிஷின்கள், மேடையில் மோட்டாரில் அசைந்து அக்கார்டியன் வாசிக்கும் ஆள் உயர வால்ரஸ் பொம்மை, தந்தம் நீண்ட கடல் மிருகம். பள்ளி விட்டதும் ராபின் நேரே இங்கே வந்து மூலை மேஜையில் வீட்டுப்பாடம் எழுதுவாள். முடித்தால் மிஷினில் போட்டு ஆட இரண்டு டோக்கன். என் ஷிப்ட் முடிந்ததும் சேர்ந்து வீட்டுக்குப் போவோம்.

வாசலில் நிற்பது நான். கூட்டம் அதிகமானால் தட்டும் தூக்குவேன், கண் மட்டும் வாசலில் இருக்கும். பிள்ளை இல்லாமல் தனியாக வரும் பெரியவர்களை விளையாட்டு அறைக்குள் விடக்கூடாது என்பது எங்கள் கடைச் சட்டம். ஆகவே ஒரு ஆண்பிள்ளை உள்ளே போனால் என் கண்ணில் படாமல் போக முடியாது. ஆனால் அந்தப் பட்டியல் பொய் சொல்லாதே! கடை மூடும்போது எங்களோடு வேலை பார்க்கும் ஏர்ல் அண்ணன் மெயின் சுவிட்சை இறக்கிவிடுவார். எங்கள் மிஷின்களுக்கு அதோடு முந்தின நாள் ஞாபகமெல்லாம் போய்விடும். மறுநாள் காலையில் பட்டியலில் இருப்பது கம்பெனிக்காரன் போட்ட பெயர்கள் மட்டும். அப்படியென்றால் வெர்னன் அன்றைக்குத்தான் வந்திருக்கிறான். என் பிள்ளை பத்தடி தூரத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது வந்து நின்று ஆடிவிட்டுப் போயிருக்கிறான்.

வேறு யாரோ விளையாட்டுக்குப் போட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். இந்த மிஷின்களைப் பற்றித் தெரியாதவர்கள்தான் அப்படிக் கேட்பார்கள். பையன்கள் அதில் கெட்ட வார்த்தை எழுதுவார்கள், காதலியின் பெயரைக்கூட எழுதுவார்கள். ஆனால் கை வலிக்க ஆடி முதலிடம் பிடித்துவிட்டு, அதை இன்னொரு ஆட்டக்காரன் பெயருக்குத் தாரை வார்க்கிறவன் எங்கள் ஊரில் பிறக்கவில்லை. அதுவும் மரவட்டை. நெளிந்து நெளிந்து இறங்கும் மரவட்டையைச் சுட வேண்டும். மிஷினில் பதித்திருக்கும் பந்தை உருட்டுகிற உள்ளங்கையில் வித்தை இருக்க வேண்டும். அவன் போகும் பௌலிங் கூடத்தில் இருந்த இதே மாதிரி மிஷினில் வெர்னனை யாரும் ஜெயித்ததில்லை. அவன் வாழ்க்கையில் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை அது.

வாசல் வழி இல்லையென்றால் சமையல் கட்டுப் பின்வாசல். பின்வாசல் சாவி ஏர்ல் அண்ணன் இடுப்பில். மிஷின்களைப் பார்த்துக்கொள்வது அவர்தான். வியாழக்கிழமை தோறும் வெர்னனோடு ஒரே அணியில் பௌலிங் ஆடுகிறவரும் அவர்தான். நெருப்பில்லாமல் புகையுமா?

நான் தேடிப் போனபோது அவர் ஒரு மிஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார்.

"ஏர்ல் அண்ணே, இன்னைக்கு வெர்னன் வந்தானா?"

"எந்த வெர்னன்?"

"ஊர்ல எத்தனை வெர்னன் உங்ககூட பந்து உருட்டுறான்?"

தலையை வெளியே எடுக்கவில்லை. "யாரும் வரலம்மா. பல்பு மாத்திட்டிருக்கேன், பாரு."

"என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க."

வெளியே வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலே பிட்சா விலைப் பலகையைப் பார்த்தார். திருடனுக்குத் தேள் கொட்டினமாதிரி முகம். "வரலன்னா வரல தாயி," என்று சொல்லிவிட்டு மறுபடி மிஷினுக்குள் புகுந்துகொண்டார். பல்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் காரில் ராபினிடம் கேட்டேன். "யாராவது உங்கிட்ட வந்து பேசினாங்களாடி? அப்பா மாதிரி?"

அவள் சடக்கென்று என் பக்கம் திரும்பினாள். "ஏன், அப்பா வந்தாரா?"

"நான்தான கேக்குறேன்?"

"வரலயே." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். காது மடல் சிவந்திருந்தது. பழக்கி வைத்திருக்கிறான் என்று நினைத்தேன். பெற்ற பிள்ளையையே எனக்கு எதிராகப் பொய் சொல்லப் பழக்கி வைத்திருக்கிறான்.

புதன்கிழமையும் வி, எல், கே. முந்தின நாளைவிடப் பெரிய எண். அன்று வெர்னன் போடுகிறமாதிரி ஆலைத் தொழிலாளர் சங்கத்துப் பச்சை ஜாக்கெட் ஒன்று மிஷின் பக்கம் குனிந்து நிற்பதைப் பார்த்தேன். பாய்ந்துபோய்க் காலரைப் பிடித்துத் திருப்பினேன். யாரோ ஒரு மனுஷன், வாயில் தக்காளிச் சாற்றோடு மிரண்டு போனான். பக்கத்தில் அவன் பெண்டாட்டி, கையில் பிறந்தநாள் தொப்பி. "ஜாக்கெட்ல நூல் தொங்குச்சு சார், அதான்," என்று சொல்லி இழுத்துவிட்டேன். முதலாளி பார்க்கவில்லை, பிழைத்தேன்.

வியாழக்கிழமையும் அதே பெயர். அன்று ஏர்ல் அண்ணன் பௌலிங்குக்கு சீக்கிரம் கிளம்பினார். போவதற்கு முன் என் மகளின் மேஜைப் பக்கம் குனிந்து ஏதோ சொல்லிவிட்டுப் போனதை நான் பார்த்தேன். அவள் தலையாட்டினாள். தூது! கண்ணெதிரே தூது போகிறது!

அதற்குமேல் எனக்குப் பொறுமை இல்லை. டேட்டனில் இருக்கும் தங்கைக்குப் போன் போட்டு, பிள்ளையோடு வருகிறேன், யாரிடமும் மூச்சு விடாதே என்றேன். ராபினின் குளிர்கால உடுப்பு, என் இரண்டு ஜோடி, பள்ளிச் சான்றிதழ் எல்லாம் கார் டிக்கியில் ஏறிவிட்டன. சனிக்கிழமை விடிந்ததும் கிளம்ப வேண்டியது. அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அது நேரே ஏர்ல் அண்ணன் காதுக்குப் போகும், அங்கிருந்து அவனுக்கு.

ஆனால் போவதற்குமுன் அவனை ஒரு தடவை கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று இருந்தது. கோர்ட்டு உத்தரவை மீறினான் என்று என் கண்ணால் பார்த்துச் சொன்னால் அடுத்த முறை நீதிபதி சும்மா விடமாட்டார். வெள்ளிக்கிழமை வாசல் வேலையை இன்னொருத்தியிடம் மாற்றிக்கொண்டு, தலைவலி, வீட்டுக்குப் போய்விட்டு ராபினை அழைக்க வருகிறேன் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டு, பக்கவாட்டு வழியாக மேடைத் திரைக்குப் பின்னால் போய் வால்ரஸின் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தேன். திரையின் ஓரக் கிழிசலில் கண்ணை வைத்தால் மரவட்டை மிஷின் நேரே தெரியும்.

கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை வால்ரஸுக்குச் சாமி வந்துவிடும். கிர்ரென்று நிமிர்ந்து அக்கார்டியனை விரித்து என் விலாவில் இடிக்கும். போல்கா பாட்டு முடிந்ததும் தொப்பென்று தலையைத் தொங்கப் போட்டுக்கொள்ளும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கிழிசலிலிருந்து கண்ணை எடுக்காமல் இருந்தேன்.

ராபின் வந்தாள். பையை மேஜையில் வீசினாள். வீட்டுப்பாடத்தைத் திறக்கவே இல்லை. நேரே மிஷினுக்குப் போனாள். ஒரு பையன் ஆடிக்கொண்டிருந்தான். அடுத்த ஆட்டம் என்னுடையது என்பதற்கு அடையாளமாக ஒரு டோக்கனைக் கண்ணாடி விளிம்பில் வைத்துவிட்டுக் கைகட்டி நின்றாள். இங்கேதான் சந்திக்கிறார்கள்! இதோ, இப்போது வரப்போகிறான்.

அவன் வரவில்லை. பையன் தோற்று நகர்ந்தான். ஏர்ல் அண்ணன் வந்து அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மிஷினின் கீழ்க் கதவைச் சாவியால் திறந்து, உள்ளே விரலைவிட்டு டிக் டிக்கென்று இலவச ஆட்டம் ஏற்றிவிட்டுப் போனார். முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். அந்தத் திருட்டு முழிக்குக் காரணம் இதுதானா?

ராபின் பந்தில் உள்ளங்கையை வைத்தாள்.

நான் பெற்ற பிள்ளைதான், ஆனால் அந்தக் கையை நான் பார்த்ததே இல்லை. முகத்தில் ஒரு சலனம் கிடையாது. கை மட்டும் ஓடுகிறது. மரவட்டை இறங்க இறங்கச் சிதறுகிறது. பையன்கள் ஒவ்வொருவனாக வந்து கூடினார்கள். "அடேயப்பா, பாருடா," என்றான் ஒருவன். "டேய், மூச்சு விடாத கழுத்துல, தள்ளு," என்றாள் என் மகள், திரும்பாமலே. ஆட்டம் முடிந்ததும் எல்லாரும் ஓவென்று கத்தினார்கள். பெயர் கேட்டது மிஷின். ராபின் பந்தை மெதுவாக உருட்டி எழுத்துகளைத் தேடினாள். வி. எல். கே.

"யாரு அது விஎல்கே?" என்று கேட்டான் அந்தப் பையன்.

"எங்கப்பா. அவர் ஆடினா இதைவிட டபுள் எடுப்பார்."

நான் எழுந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து வால்ரஸும் எழுந்தது. அக்கார்டியனில் சட்டை மாட்டி, திரையோடு சேர்ந்து மேடையிலிருந்து நான் இறங்கிய கோலத்தைப் பார்த்து ஒரு சின்னக் குழந்தை வீறிட்டு அழுதது. பையன்கள் சிதறினார்கள். ராபின் மட்டும் மிஷினை மறைத்துக்கொண்டு நின்றாள், நான் அதை அடிக்க வந்தமாதிரி.

"என்னடி இது? எதுக்கு அவன் பேரைப் போடுற?"

"ஒண்ணுமில்லை."

"நாலு நாளா நான் பைத்தியமா அலையுறேன். அவன் வந்துட்டான், உன்னத் தூக்கப் போறான்னு. சொல்லுடி!"

"நாலு நாளா?" என்றாள். "நான் மூணு வாரமா போடுறேன். நீ இப்பதான் பாத்தியா?"

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள். "அவர் பேரை வேற யாராவது போட்டா அப்பா விடுவாரா? பௌலிங் கூடத்துல ஒருத்தன் போட்டதுக்குச் சண்டைக்கே போனாருல்ல? ஏர்ல் மாமா போய்ச் சொல்வாரு, 'உன் பேர்ல எவனோ இங்க ஆடுறான்'னு. எவன்டா அதுன்னு பாக்க வருவாரு. வந்தா நான் நிப்பேன்."

ஏர்ல் அண்ணன் ஓசைப்படாமல் பின்னால் வந்து நின்றிருந்தார். நான் அவரைத் தனியாக பந்து உருட்டும் பலகைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன்.

"அவன்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். வாரா வாரம் சொல்றேன். நேத்தும் சொன்னேன்."

"யாரு ஆடுறதுன்னு?"

"நேத்து அதையும் சொல்லிட்டேன் தாயி. மனசு கேக்கல. 'உன் பொண்ணுதான்டா'ன்னேன்."

"என்ன சொன்னான்?"

சாவிக் கொத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஸ்கோர் எவ்வளவுன்னு கேட்டான். சொன்னேன். 'பரவால்லயே'ன்னான். அப்புறம் அவன் முறை வந்துச்சு, பந்தை எடுத்துக்கிட்டுப் போயிட்டான்."

அவன் வந்துவிடக்கூடாது என்று தினம் சாமியைக் கும்பிட்டவள் நான். அந்த நிமிஷம் அவன் மட்டும் எதிரில் நின்றிருந்தால், ஏன்டா வரவில்லை என்று கேட்டு அவன் கன்னத்தில் அறைந்திருப்பேன். எனக்கு அழுகை வந்தது. அடக்கவும் இல்லை.

திரும்பி வந்தபோது ராபின் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். திரையில் பட்டியல் வந்து வந்து போனது. ஏர்ல் அண்ணன் சொன்னதை அவளிடம் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. கார் டிக்கியில் ஏற்றிய மூட்டைக்கும் இனி வேலை இல்லை. அவள் தோளைத் தொட்டேன்.

"எப்படி ஆடுற நீ! நாளைக்கு உன் பேரைப் போடுடி. எல்லாரும் பாக்கட்டும்."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபமே இல்லை அந்தக் கேள்வியில்.

"என் பேரைப் போட்டா யாரும்மா வருவா?"

நான்தான் வந்திருக்கிறேனே என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் இத்தனை நேரம் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது அவளைப் பார்க்க இல்லை, அவனைப் பிடிக்க. அது அவளுக்கும் தெரியும்.