அளவெடுக்க வந்தவர்

அந்த மனிதர் பார்த்த பார்வையை ரோண்டா பிக்கெட் எங்கேயோ பார்த்திருந்தாள். எங்கே என்று யோசிக்கவே வேண்டியதில்லை. வாராவாரம் மாட்டு ஏலத்துக்கு வருகிறவர்கள் கன்றுக்கு விலை கேட்பதற்கு முன்னால் தாய்ப் பசுவைச் சுற்றிச் சுற்றி வந்து பார்ப்பார்களே, அதே பார்வை. இடுப்பு அகலமா, கால் எலும்பு கனமா, குளம்பு எப்படி என்று. ஏலக் கொட்டகையில் மாடு பிரித்து விடும் வேலையில் இருப்பவள் அவள். அவளுக்குத் தெரியாத பார்வையா?

“பையன் இன்னும் ரெண்டு இஞ்சு வளருவான்மா,” என்றார் மர்வின் ஹாஸ்கெட், அவள் காலைப் பார்த்துக்கொண்டே. “உங்க ஷூ என்ன சைஸு?”

சொன்னாள். சொன்ன பிறகுதான் ஏன் சொன்னோம் என்று பற்றிக்கொண்டு வந்தது.

ஹாஸ்கெட் ஒரு தொழில்முறை பேஸ்பால் அணிக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவர். ஓக்லஹோமா முழுக்கப் பள்ளிக்கூட மைதானங்களில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எந்தப் பையன் எவ்வளவு வேகமாகப் பந்து வீசுகிறான் என்று குறித்துக்கொண்டு போவார். தேறுகிறவன் வீட்டுக்கு வந்து பெற்றவர்களையும் அளந்துவிட்டுப் போவார். ரோண்டாவை விவாகரத்து செய்துவிட்டுக் கான்சாஸில் இருக்கிறவனைக்கூட அவர் விடவில்லை. தேடிப் போய்ப் பார்த்திருக்கிறார். தோள் நல்ல அகலமாம், அவருக்கு மகிழ்ச்சியாம். மகன் பிறந்தநாளுக்குக்கூட எட்டிப் பார்க்காதவனுடைய தோளுக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்.

அவள் மகன் கோல்ட்டன் அந்த மே மாதம்தான் பள்ளிப் படிப்பை முடித்திருந்தான். அவன் கையை விட்டுப் பந்து போனால் மட்டைக்காரன் கண்ணுக்குத் தெரியாது என்று ஊரில் பேச்சு. ஜூலையில் அணிகள் பையன்களைப் பேர் சொல்லி எடுக்கும் நாள் வருகிறது. எடுத்தவுடன் கையெழுத்துப் போட்டால் பணம், சீருடை, தொழில். போடாவிட்டால் மாநிலப் பல்கலைக்கழகம். அங்கே பயிற்சியாளர் ஏற்கெனவே அவனுக்கு இடம் வைத்திருந்தார். கை போனாலும் படிப்பு போகாது என்று வாக்கும் கொடுத்திருந்தார். ஆனால் அங்கே சேர்ந்துவிட்டால் மூன்று வருடம் எந்த அணியும் அவனைத் தொட முடியாது. கோல்ட்டனுக்கு மூன்று வருடம் என்பது ஒரு ஆயுள். கையெழுத்துப் போடத்தான் அவன் துடித்துக்கொண்டிருந்தான். ரோண்டாவுக்கோ அந்தக் கையெழுத்தை நினைத்தாலே பயம்.

பயப்படாமல் என்ன செய்வாள்? இதே ஹாஸ்கெட், இதே வீட்டில், இதே மேஜையில் உட்கார்ந்து அவள் அம்மா கையால் சாப்பிட்டுவிட்டுத்தான் அவள் தம்பி கர்டிஸைக் கூட்டிக்கொண்டு போனார். அப்போது அவர் தலைமுடி கறுப்பு. கர்டிஸுக்குப் பதினெட்டு. கீழ்மட்ட அணிகளில் மூன்று வருடம் பேருந்திலேயே தூங்கி எழுந்தான். தோள் கிழிந்தது. அறுவை செய்தார்கள். அப்புறம் ஒரு நாள் காலையில், சாமானைக் கட்டிக்கொள் என்று சொல்லிக் கழற்றி விட்டார்கள். பின்னால் படிக்கப் பணம் தருகிறோம் என்ற பேச்சும் இருந்தது. அதற்கு ஒரு கெடு இருந்தது. வேறு ஏதாவது அணி கூப்பிடும் என்று அவன் தொலைபேசிப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததில் கெடுவும் போயிற்று. இன்று அக்கா வேலை பார்க்கும் கொட்டகையிலேயே அவன் மாட்டுக் கதவு திறந்து விடுகிறான், இடது கையால். வலது கை தோளுக்கு மேலே எழும்பாது.

இவ்வளவும் தெரிந்த ரோண்டா அந்த ஆளை ஏன் வீட்டுக்குள் விட்டாள்? ஒரு நப்பாசைதான். கல்யாணம் ஆனதில் அவள் குடும்பப் பெயர் மாறிவிட்டது. அதனால் இது யார் வீடு என்று தெரியாமல் அவர் வந்திருக்கலாம். வீட்டைப் பார்த்தால், மேஜையைப் பார்த்தால், கர்டிஸ் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடாதா? மன்னிப்பெல்லாம் அவள் எதிர்பார்க்கவில்லை. ‘எப்படிப்பா இருக்கே’ என்று ஒரு வார்த்தை. அது போதும் என்றிருந்தாள்.

கர்டிஸ் கை கால் கழுவிக்கொண்டு பின்வாசல் வழியாக வந்தான். “என் தம்பி, கர்டிஸ்,” என்று பெயரை அழுத்தியே சொன்னாள் ரோண்டா. ஹாஸ்கெட் எழுந்து கை கொடுத்தார். சந்தித்ததில் சந்தோஷம் என்றார். உட்கார்ந்தார். கர்டிஸ் பீச் பழம் வைத்துச் சுட்ட பலகாரத்தில் ஒரு துண்டு வெட்டி அவர் தட்டில் வைத்தான்.

அப்போதுதான் ஹாஸ்கெட்டின் கண் அவன் கையில் விழுந்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு, முழங்கையிலிருந்து தோளுக்கு, நிதானமாக ஏறிற்று.

“அடேயப்பா, இந்தக் குடும்பத்துக்கே இப்படித்தான் கை வாய்க்குமா? பையனுக்கு எங்கேருந்து வந்துச்சுன்னு இப்பல்ல புரியுது. நீங்க எப்பவாவது பந்து போட்டிருக்கீங்களா?”

ரோண்டாவுக்கு முகம் கொதித்தது. கையில் காப்பிப் பாத்திரம் இருந்தது, சுடச்சுட. அவள் எழுந்தே விட்டாள். கர்டிஸ் அவளைப் பார்த்து, வேண்டாம் என்று மெல்லத் தலையசைத்தான்.

“கொஞ்ச நாள் போட்டேன் சார்,” என்றான்.

“விட்டிருக்கக் கூடாது,” என்றார் ஹாஸ்கெட், பலகாரத்தை மென்றுகொண்டே.

அப்புறம் அவர் ஒரு மணி நேரம் பேசினார். கல்லூரிப் பயிற்சியாளர்களுக்கு ஜெயிப்பது ஒன்றுதான் குறி, வாரக் கடைசியில் பையன் கையைப் பிழிந்து எடுத்துவிடுவார்கள் என்றார். அது முழுப் பொய்யும் இல்லை, ரோண்டாவே கேள்விப்பட்டதுதான். தங்கள் அணியில் ஒவ்வொரு பந்தையும் எண்ணித்தான் வீச விடுவார்கள் என்றார். கிளம்பும்போது வாசலில் நின்று கோல்ட்டன் தோளில் கை போட்டுக்கொண்டார். “நாங்க எடுத்த பையனை நாங்க எப்பவும் மறக்கறதில்லப்பா. எங்களது ஒரே குடும்பம்.”

வண்டி தெருமுனை திரும்பும் வரைக்கும்தான் ரோண்டா பொறுத்தாள். அப்புறம் அவர் தின்ற தட்டைத் தூக்கிக் குப்பையில் போட்டாள், கழுவக்கூட மனம் வரவில்லை. கோல்ட்டனுக்கு விஷயம் தெரியாது. மாமா ஒரு காலத்தில் ஆடினார் என்று தெரியும், யார் கூட்டிப் போனது என்று வீட்டில் யாரும் சொன்னதில்லை. அவள் அன்று எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல குரல் ஏறிற்று.

கர்டிஸ்தான் அடக்கினான். “விடுக்கா. வருஷத்துக்கு எத்தனை பேரைப் பாக்கறாரு, மறந்திருப்பாரு. என் கதையைச் சொல்லி அவன் சான்ஸைக் கெடுக்காத.”

“மாட்டை வாங்கிட்டுப் போறவன்கூட மறு வாரம் வந்து, அந்தக் கறுப்புக் கிடேரி நல்லா மேயுதுன்னு சொல்லிட்டுப் போறான்டா. நீ அந்த மாட்டை விடக் கேடா?”

இனி இதைப் பற்றி வாய் திறக்க மாட்டேன் என்று கர்டிஸ் அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டான். கோல்ட்டன் கொல்லைப்பக்கம் போய்ப் பழைய டயருக்குள் பந்து வீசத் தொடங்கினான். பந்து இருட்டும் வரை விழுந்துகொண்டே இருந்தது.

ஜூலை வந்தது. அந்த நாளில் மேஜை நடுவே கைப்பேசியை வைத்துவிட்டு மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். முதல் சுற்று போனது, இரண்டாவது போனது. ஹாஸ்கெட் கூப்பிட்டார். அடுத்ததாகத் தங்கள் முறை என்றும், பேரைச் சொல்லும் முன் சம்மதம் வேண்டும் என்றும் சொன்னார். ஒரு தொகையையும் சொன்னார். பெரிய தொகை. ரோண்டா வாழ்நாள் முழுக்க மாடு பிரித்தாலும் பார்க்க முடியாதது. அவளே ஒரு நிமிடம் ஆடிப்போனாள். பொய் சொல்வானேன்.

“சரின்னு சொல்லு தம்பி, சொல்லிட்டா நீ எங்க ஆளு. டைம் இல்ல.”

கர்டிஸ் கண்ணாலேயே சொல்லு சொல்லு என்றான். ரோண்டா சத்தியத்தை நினைத்து உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“ஒண்ணு கேக்கலாமா சார்?” என்றான் கோல்ட்டன். “அன்னிக்கு உங்க தட்டுல பலகாரம் எடுத்து வச்சாரே எங்க மாமா. அவர் பேரு என்ன?”

அந்தப் பக்கம் யாரோ பின்னால் அவசரப்படுத்துவது கேட்டது.

“நல்ல மனுஷன்ப்பா அவர். இப்ப எதுக்கு அது?”

“அவரை இதே மேஜையிலேருந்து கூட்டிட்டுப் போனது நீங்கதான் சார். அவர் பேரு கர்டிஸ் யோக்கம்.”

“தம்பி, எத்தனையோ பசங்க…”

“ஆமா சார். நான் காலேஜுக்குப் போறேன்.” வைத்துவிட்டான்.

கர்டிஸ் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். அவன் கத்தி அந்த வீடு கேட்டதில்லை, அன்று கேட்டது. “மடப்பயலே, கையில வந்ததைத் தட்டி விட்டுட்டியே. நான் கேட்டனாடா? எனக்காக நீ ஏன்டா?”

“உனக்காக இல்ல மாமா,” என்றான் கோல்ட்டன். “மூணு வருஷம் கழிச்சு யாராவது கூப்பிடட்டும், கூப்பிடாமலே போகட்டும். படிச்சதாவது மிஞ்சும். ஆனா எனக்கு நாப்பது வயசாகறப்ப, அந்த ஆளு இந்த மேஜையில உக்காந்து பலகாரம் தின்னுக்கிட்டு, என் கையைப் பாத்து, நீ எப்பவாவது பந்து போட்டிருக்கியான்னு கேக்கக் கூடாது.”

கர்டிஸ் அப்படியே உட்கார்ந்து, எழும்பாத அந்தக் கையை மடியில் வைத்து, இன்னொரு கையால் மூடிக்கொண்டான்.