கூரை கழற்றிய கார்

திறந்த காரின் இருக்கைகளில் சிதறிக் கிடந்த நூல்துண்டுகளை மகள் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். காலையில்தான் அப்பா பழைய துணிக்கூரையைப் பிரித்துக் கழற்றியிருந்தார். புதுத்துணியை இழுத்துக் கட்டுவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவேயில்லை. இப்போது ஷெட்டில் கார் மொட்டையாக நின்றது. வீட்டுக்குள் அத்தனை பேர் அழுகிறார்கள், அவளுக்கு ஒரு பொட்டுக் கண்ணீர் வரவில்லை. வராவிட்டால் போகட்டும் என்றிருந்தது.

அம்மா ஷெட் வாசலில் வந்து நின்றாள். "அப்பாவ இதுலயே கொண்டு போயிடலாம்டி. ஆயுசு பூரா இதோடதான குடித்தனம் நடத்துனாரு."

பின்னாலேயே மாமா வந்தார், அம்மாவின் தம்பி. "கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுற வண்டி அக்கா இது! பொணத்த ஏத்துன காருன்னு தெரிஞ்சா எந்த மாப்பிள்ளை உக்காருவான்? உம்பொண்ணு எத ஓட்டிப் பொழைப்பா? வேனுக்குச் சொல்லியாச்சு. நீங்க என் கார்ல வாங்க."

மாமாவின் கார் தெருவில் கண்ணாடிக்கூரை மின்ன நின்றது. அதைக் கண்டால் அப்பாவுக்கு வாய் சும்மா இருக்காது. "மொதல்ல வந்த காருக்கெல்லாம் ஏது மச்சான் கூரை? மழைக்குத் துணி போட்டான். துணி கிழியுதுன்னு தகடு போட்டான். அப்புறம் மூச்சு முட்டுதுன்னு அந்தத் தகட்ட வெட்டி ஜன்னல் வச்சு, அத உன் தலையில கட்டிட்டான் பாரு!" மாமாவும் விழுந்து விழுந்து சிரிப்பார்.

அம்மா மகளையே பார்த்தாள். அப்பாவுக்குக் கண் மங்கியதிலிருந்து காரை ஓட்டுவது அவள்தான். அடுத்த வாரமும் ஒரு கல்யாணம் இருக்கிறது. வேறு பிழைப்பு எதுவும் அவளுக்குத் தெரியாது.

"வேணாம்மா. வேன்லயே போகட்டும்."

சொன்ன தன் வாயிலேயே நாலு போட வேண்டும் போல அவளுக்கு இருந்தது. அந்தக் கோபம்கூடச் சரியாக வரவில்லை.

அம்மா காரின் பின்கதவைத் திறந்தாள். "அப்ப நான் இதுல வரேன்."

"அக்கா, சாவுக்குப் போய் இதுலயா?"

"நான் பொணம் இல்லையேடா."

மாமா வேனைப் பார்க்கப் போனார்.

வேன் முன்னே போக, மகள் பின்னால் மெதுவாக ஓட்டினாள். மணப்பெண்கள் உட்காரும் இடத்தில் அம்மா தனியாக உட்கார்ந்திருந்தாள். வெயில் நேரே தலையில் இறங்கியது.

திருப்பத்தில் வேன் முந்திப் போய்விட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் திறந்த காரை மட்டும் பார்த்தார்கள். "ஏய், கல்யாணக் காருடா!" என்று கத்திக்கொண்டே எல்லாரும் கையாட்டினார்கள். தெருவில் எப்போதும் நடப்பதுதான். பதிலுக்குக் கையாட்டாமல் போனால் அப்பா திட்டுவார். மகளால் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்க முடியவில்லை.

கண்ணாடியில் பார்த்தாள். அம்மா இரண்டு கையாலும் முகத்தை அழுந்தத் துடைத்து, பறந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கி, பிள்ளைகளைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தாள்.