பேச்சியம்மனிடம் கேட்ட கம்ப்யூட்டர்

ஒரு கம்ப்யூட்டர் வாங்குவதற்கு முன்னால் ஆண்பிள்ளைகள் எவ்வளவு பேசலாம் என்பதற்கு எல்லை எதுவும் கிடையாது, கண்ணுகளா. பேச்சிராஜாவின் வீட்டில் பதினேழு நாள் பேசினார்கள்.

வீடு தாராவியில். கீழே ஒரு கோலி, இரும்பு ஏணி ஏறினால் மேலே ஒரு கோலி. அறையை அங்கே கோலி என்றுதான் சொல்வார்கள். கீழ்க் கோலியில் இருப்பது ஒரே ஒரு மேசை. அந்த மேசைக்கு வரப்போகிற ஒரே ஒரு கம்ப்யூட்டர் மூன்று பேருக்கு வேண்டியிருந்தது. மகள் மாரிசெல்விக்குச் செம்பூரில் காலேஜ், முதல் வருஷம், கம்ப்யூட்டர் படிப்பு. பேச்சிராஜாவுக்குப் பைகளுக்கான ஜிப்பும் பக்கிளும் விற்கிற கடை, அதற்குப் பில் அடிக்க வேண்டும். மூன்றாவது ஆள் அவர் மனைவி சண்முகவடிவு. இந்த மூன்றாவது ஆள் யாருடைய நினைப்பிலும் இல்லை.

அவள் ஒன்பது வருஷமாக முகம்மது ஹனீப் பாயின் எம்பிராய்டரிப் பட்டறையில் வேலை பார்க்கிறாள். பன்னிரண்டு தலை வைத்த பெரிய மிஷின் அங்கே இருக்கிறது. வியாபாரிகள் மயில், மாங்காய், கொடி என்று காகிதத்தில் வரைந்து அனுப்புவார்கள். ஊசி எங்கே இறங்க வேண்டும், எங்கே திரும்ப வேண்டும், எந்த இடத்தில் நூல் மாற வேண்டும் என்று ஒவ்வொரு தையலாகக் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுப்பது அவள் வேலை. அதற்குப் பஞ்சிங் என்று பெயர். அவள் போட்டுக் கொடுத்தால்தான் மிஷின் ஓடும். மற்றபடி ஊசியைக் கையால் தொட்டவள் இல்லை. பேச்சிராஜாவின் சட்டையில் பித்தான் அறுந்தால் அவரேதான் தைத்துக்கொள்வார். தைத்துக்கொண்டே, எதிரில் இருப்பவரிடம், "எம் பொண்டாட்டி பட்டறையில தைக்கா" என்று சொல்வார். அவளும் நூறு தடவை திருத்திப் பார்த்தாள். பிறகு, சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள். அப்படி விட்டதுதான் தப்பு.

ஹனீப் பாய் இடம் பெரிதாகக் கிடைத்ததென்று பட்டறையைத் தொலைவில் இருக்கிற கல்யாண் என்ற ஊருக்கு மாற்றிக்கொண்டிருந்தார். திங்கட்கிழமையிலிருந்து மிஷின் அங்கே ஓடும்.

"நீங்க கல்யாணுக்கு ரயில்ல அலைய வேண்டாம் தங்கச்சி" என்று அவளிடம் சொல்லியிருந்தார். "வீட்டுல ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டர் வச்சுக்கிட்டியன்னா நான் டிசைனப் போன்ல அனுப்புதேன், நீங்க பஞ்ச் பண்ணி அனுப்புங்க. இல்லன்னா அங்கனயே ஒரு ஆளப் போட்டுக்கிடணும். தப்பா நெனைக்காதிய."

அந்தப் பஞ்சிங் புரோகிராம் விண்டோஸில் மட்டும்தான் திறக்கும். வேறு எதில் போட்டாலும் வாயைத் திறக்காது. இது அவளுக்கும் தெரியும், பாய்க்கும் தெரியும். ஆனாலும் அவள் தலையை நிமிர்த்திக்கொண்டு, "வீட்டுல புதுசே வாங்கப் போறாங்க பாய். எங்க கொழுந்தன் ஐடியில இருக்காருல்லா" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அந்தக் கொழுந்தன்தான் கோமதிநாயகம், பேச்சிராஜாவின் தம்பி. ஐரோலியில் கண்ணாடிக் கட்டடத்தில் வேலை என்பது உண்மை. கழுத்தில் நீலப் பட்டையும் அட்டையும் தொங்குவதும் உண்மை. வருகிறவர்களுக்கு அந்த அட்டையை அடித்துக் கொடுத்து, யார் எந்தக் கதவு வரைக்கும் போகலாம் என்று பார்த்துக்கொள்வது அவர் வேலை. நல்ல வேலை, மரியாதையான வேலை. அதை அப்படியே சொல்ல அவருக்குத்தான் வாய் வரவில்லை. 'ஐடி' என்பார். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில் இட்லி தின்ன வரும்போதும் அட்டையைக் கழற்றுவதில்லை. ஒருமுறை அது சாம்பாரில் விழுந்தது. துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

பதினேழாவது நாளும் ஞாயிற்றுக்கிழமைதான். இட்லி நடந்துகொண்டிருந்தது.

"ஆப்பிள்தாம்ணே" என்றார் கோமதிநாயகம். "எங்க ஆபீஸ்ல பெரிய ஆளுக அம்புட்டுப் பேரும் அதுதான் வச்சிருக்காங்க. மூடியத் தெறந்தா எதுத்தாப்புல இருக்கவன் கண்ணுல அந்தப் பழம் படும். அதுலயே பாதி வேலை முடிஞ்சிரும்."

"மீதிப் பாதி வேலைய யாரு செய்வா தம்பி?" என்று அடுப்படியிலிருந்து சண்முகவடிவு கேட்டாள்.

"மைனி, இது வேற லைன். நீங்க சட்னியக் கொண்டாங்க."

பேச்சிராஜா தட்டைத் தள்ளி வைத்தார். "லேய், எனக்குப் பழமும் வேண்டாம், கொட்டையும் வேண்டாம். செல்வி காலேஜுல லினக்ஸுன்னு ஒண்ணு சொல்லிக் குடுக்காவளாம். அது சும்மாவே கெடைக்குமாம்லா."

லினக்ஸ் கறுப்பா சிவப்பா என்று அவருக்குத் தெரியாது. 'சும்மா' என்கிற ஒரு சொல் காதில் விழுந்தது, அதைப் பிடித்துக்கொண்டு பதினேழு நாள் தொங்கினார்.

"சும்மா குடுக்கதெல்லாம் ரேஷன் கடையில வாங்குண்ணே. கம்ப்யூட்டர்ல கௌரவம்னு ஒண்ணு இருக்கு."

"சித்தப்பா, நீங்க சொல்லுத ஆப்பிள்ல ராம் எவ்வளவு வரும்?" என்று மாரிசெல்வி கேட்டாள்.

"அதெல்லாம் ஏக்தம் கரெக்டா, தேவையான அளவு வரும்ட்டி."

மாரிசெல்வி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. பிறகு, "அப்பா, லினக்ஸுன்னா அது தனிப் பொட்டி இல்லப்பா, அத எந்த…" என்று தொடங்கினாள்.

"நீ சும்மா இருட்டி. பெரியவங்க பேசுதோம்லா."

படிக்கப் போகிறவள் அவள்! ஆனால் அந்த வீட்டில் கம்ப்யூட்டரைப் பற்றிப் பேச, கம்ப்யூட்டரைத் தொடாமல் இருப்பதுதான் தகுதி.

சண்முகவடிவு சட்னியோடு வந்தாள். கிண்ணத்தை வைத்துவிட்டு நின்றபடியே சொன்னாள்: "எனக்கு விண்டோஸ் வேணும். நாளையிலேருந்து வேலையே வீட்டுலதான். இல்லன்னா அந்த வேலை கல்யாணுக்குப் போயிரும்."

இது ஐந்தாவது தடவை. ஐந்து தடவையும் ஒரே பதில்தான்.

"தைக்கதுக்கு எதுக்குட்டி கம்ப்யூட்டர்?" என்றார் பேச்சிராஜா.

"மைனிக்கு நல்லதா ஒரு தையல் மிஷின் எடுத்துக் குடுத்திருவோம்ணே" என்றார் கோமதிநாயகம். எவ்வளவு தாராள மனசு பாருங்கள்.

அண்ணனும் தம்பியும் மறுபடி மோதினார்கள். கௌரவம், சும்மா. சும்மா, கௌரவம். இரண்டு பேருக்கும் சொல்ல ஆளுக்கு அந்த ஒரு வார்த்தையைத் தவிர வேறு இல்லை. கடைசியில் பேச்சிராஜா, "அம்மங்கிட்டயே கேட்டுருவோம்லே" என்றார்.

பூக்கட்டிப் பார்ப்பது அந்த வீட்டு வழக்கம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். இரண்டையும் பேச்சியம்மன் படத்துக்கு முன்னால் குலுக்கிப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். வரனுக்கும் கேட்டிருக்கிறார்கள், கடை திறக்கவும் கேட்டிருக்கிறார்கள். வெள்ளை வந்தால் ஆப்பிள், சிவப்பு வந்தால் லினக்ஸ் என்று முடிவாயிற்று.

"மூணாவது பொட்டணம்?" என்றாள் சண்முகவடிவு.

"அது எதுக்கு?"

"விண்டோஸுக்கு."

கோமதிநாயகம் சிரித்தார். "அம்மனப் போட்டுக் கொழப்பாதீங்க மைனி. ரெண்டு பேரு கேக்கோம், ரெண்டு பூ."

சண்முகவடிவு படத்தை அண்ணாந்து பார்த்தாள். மடியில் பிள்ளையோடு, விழியை உருட்டிக்கொண்டு, சுற்றிலும் சீரியல் பல்பு மினுங்க உட்கார்ந்திருந்தாள் பேச்சியம்மன். பாவம், அவள் என்ன செய்வாள்? கேட்காத கேள்விக்கு எந்தத் தெய்வமும் பதில் சொல்ல முடியாது. தன் ஒன்பது வருஷத்து உழைப்பு ஒரு பொட்டலத்துக்குக்கூடத் தேறவில்லை என்று நினைத்தபோது அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபப்படுவதற்கு எதிரில் ஒரு ஆளாவது இருக்க வேண்டுமே. ஒரு கழுத்துப் பட்டையும் ஒரு 'சும்மா'வும்தான் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தன.

"மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் போயி நல்ல பூவாப் பாத்து வாங்கிட்டு வா" என்றார் பேச்சிராஜா. "வாடினது வேண்டாம். அம்மனுக்கு."

"சரி" என்றாள். மாரிசெல்வியையும் கூட்டிக்கொண்டு போனாள். வெள்ளை நந்தியாவட்டை, சிவப்பு அரளி, இரண்டையும் வாடாததாகவே பார்த்து வாங்கினாள். திரும்பி வரும்போது வீட்டுச் சந்துக்கு முந்தின சந்தில் நுழைந்தாள்.

பட்டறை வாசலில் ஹனீப் பாய் நூல்கண்டுகளைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். மிஷின் முந்தின நாளே கல்யாணுக்குப் போய்விட்டது. வெளியே பழைய சாமான் எடுப்பவரின் தள்ளுவண்டி நின்றது. அதன் மேல், இத்தனை வருஷமாக அவள் உட்கார்ந்து வேலை பார்த்த அந்தக் கறுப்புப் பெட்டியும் ஸ்கிரீனும் ஏற்றப்பட்டு இருந்தன.

"பாய், அத எங்க அனுப்புதிய?"

"பழசுதான தங்கச்சி. நான் அங்க புதுசு போட்டாச்சு. நீங்களும் வீட்டுல புதுசு வாங்கியாச்சுல்லா? கொழுந்தன் ஐடின்னு சொன்னியளே."

அந்த ஒரு நிமிஷம் அவளுக்குத் தரையைத் தவிரப் பார்க்க இடமில்லை. அட்டையைக் காட்டிப் பெருமை அடிக்கிறவர் என்று கொழுந்தனை இளப்பமாக நினைத்தாளே, அதே அட்டையைக் காட்டித்தானே அவளும் பாயிடம் பெருமை அடித்தாள்?

"வாங்கல பாய்" என்றாள். "அவங்க வாங்கப் போறதும் எனக்கு ஆகாது. இந்தப் பொட்டிய எனக்குக் குடுங்க."

பாய் அவள் கையில் இருந்த பூவைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். எதற்கு, ஏன் என்று கேட்கவில்லை. "தாராளமா எடுத்துக்கிடுங்க. ஆனா இதுல விசிறி ரொம்பச் சத்தம் போடும். வீட்டுல தொந்தரவா இருக்கும்."

"எங்க வீட்டுல அத விடச் சத்தமா ரெண்டு இருக்கு பாய். பழகிட்டு."

பாய் சிரித்துக்கொண்டே உள்ளே போய், கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த கட்டைவிரல் அளவுச் சாவியைக் கொண்டுவந்தார். பெட்டியில் அதைச் செருகினால்தான் பஞ்சிங் திறக்கும். "தொலைச்சிராதிய. மயிலு நாளைக்குக் காலையில வேணும். பார்ட்டி தலையில ஏறி உக்காந்திருக்கான்" என்று அவள் கையில் வைத்தார்.

வண்டிக்காரர் அதே வண்டியிலேயே தள்ளிக்கொண்டு வரச் சம்மதித்தார். பெட்டியின் தலையில் பூப்பொட்டலத்தை வைத்து, ஒரு கையால் பிடித்தபடி சண்முகவடிவு நடந்தாள்.

"அம்மா, லினக்ஸையும் இதுலயே போட்டுக்கலாம்" என்றாள் மாரிசெல்வி. "ஒரே பொட்டிதான். தெறக்கும்போது எது வேணும்னு கேக்கும். எனக்குக் காலேஜுக்கு அது, உனக்கு இது. அப்பா பில்லும் எதுல வேணும்னாலும் போடலாம்."

"அடியே! இத ஏண்டி பதினேழு நாளாச் சொல்லல?"

"பதினேழு நாளாச் சொல்லிக்கிட்டுதான இருக்கேன். நீயுந்தான் கேக்கல."

 மகளின் தலையில் விழுந்திருந்த அரளி இதழ் ஒன்றை எடுத்துப் போட்டாள். அவ்வளவுதான் முடிந்தது அவளால்.

வீட்டில் சூடம் தயாராக இருந்தது. அண்ணனும் தம்பியும் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி உட்கார்ந்திருந்தார்கள். வண்டிக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நுழைந்ததும் கோமதிநாயகம் எழுந்துவிட்டார்.

"இது என்ன மைனி, கபாடிக் கடைப் பழைய சாமான்?"

"என் வேலை, தம்பி. கொஞ்சம் நகருங்க."

மேசை மேல் பெட்டியும் ஸ்கிரீனும் ஏறின. வயரை எடுத்துக்கொண்டு பிளக்கைத் தேடினாள். அந்தப் பக்கம் இருந்தது ஒன்றே ஒன்றுதான், அதிலும் அம்மனின் சீரியல் பல்பு சொருகியிருந்தது. அதைப் பிடுங்கினாள்.

"ஏட்டி! அம்மன இருட்டுல போடுதியே!" என்று பேச்சிராஜா பதறினார்.

"அம்மனுக்கு இருட்டுலயும் கண்ணு தெரியும். எனக்குத் தெரியாது."

மாரிசெல்வி நல்ல பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "சித்தப்பா, கொஞ்சம் ஆன் பண்ணுங்களேன்" என்றாள். கோமதிநாயகம் குனிந்து ஸ்கிரீனின் முன்பக்கம் தடவினார், பின்பக்கம் தடவினார். கழுத்து அட்டை மேசையில் டொக் டொக்கென்று இடித்தது. சண்முகவடிவு அவரைத் தாண்டிக் கையை நீட்டிப் பக்கத்தில் இருந்த பெட்டியின் பொத்தானை அமுக்கினாள். விசிறி சத்தம் போட்டது.

"பூ எங்க?" என்றார் பேச்சிராஜா, வேறு எதைக் கேட்பது என்று தெரியாமல்.

"இந்தா இருக்கு. நல்லாக் கட்டிப் பாருங்க."

கட்டினார்கள், ஐயா! அத்தனையும் கண்ணெதிரே நடந்த பிறகும் உட்கார்ந்து கட்டினார்கள். குலுக்கினார்கள், கண்ணை மூடினார்கள், எடுத்தார்கள். வெள்ளை வந்தது.

"ஆப்பிள்!" என்று கோமதிநாயகம் துள்ளினார். "பாத்தியாண்ணே, அம்மனே சொல்லிட்டா!"

"எங்கலே வைக்கது?" என்றார் பேச்சிராஜா.

பதினேழு நாளில் அந்த வீட்டு ஆண்பிள்ளை கேட்ட முதல் உருப்படியான கேள்வி அது. மேசை நிறைந்திருந்தது. ஸ்கிரீனில் மயில் விரிந்துகொண்டிருந்தது. சண்முகவடிவின் கை அசைய அசைய, நீலப் புள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழுத்தில் இறங்கின. பேச்சிராஜா மெல்ல எழுந்து வந்து அவள் பின்னால் நின்றார். 

"நீ தைக்கலியாட்டி?"

"இல்ல."

"இதையா இத்தன வருஷமாச் செஞ்சுக்கிட்டிருக்க?"

"சட்னி அடுப்படியில இருக்கு" என்றாள் திரும்பாமல். "வேணும்னா எடுத்துப் போட்டுக்கிடுங்க."

திங்கட்கிழமை காலையில் கல்யாணில் பன்னிரண்டு ஊசியும் ஒரே நேரத்தில் இறங்கின. பன்னிரண்டு மயிலுக்கும் கழுத்து சரியாக வந்தது. அடுத்த டிசைனைப் பாய் மத்தியானமே அனுப்பிவிட்டார். ஆப்பிள் இன்னும் வாங்கவில்லை, கண்ணுகளா. எந்த நிறம் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள்.