கழட்டிக் குடுத்த கண்ணாடி

முஹ்சினை ஒரே ஒரு வாட்டி ஜெயிச்சிரணும். ரெண்டாயிரத்தி ஆறாம் வருசம் பூராவும் எனக்கு இதே அரிப்புதான். சோறு தின்னாலும் அதே நெனப்பு, படுத்தாலும் அதே நெனப்பு.

நான் பெத்தணன். சிவகாசியில வெடிக் கம்பெனிகள்ல இருந்து லாரி செட்டுக்கு லோடு அடிக்கிற ஆம்னி வேன் என்னோடது. முஹ்சினுக்கு விருதுநகர்ல பருப்புக் கடை, ஓட்டுறது மாருதி எண்ணூறு. ஆறாங்கிளாஸ்ல இருந்து ஒரே பெஞ்சு. அப்பவும் அவன்தான் மொதல்ல ஓடி முடிப்பான், பாவிப்பய.

எங்க கிளப்புல பதினாறு பேரு. ரெண்டு வாரத்துக்கு ஒரு ஞாயித்துக்கெளம, சூலக்கரைக்கு அந்தப் பக்கம் காஞ்சு கெடக்குற கண்மாய்க்குள்ள கூடுவோம். காலண்டர் அட்டைப்பெட்டியில மண்ணை ரொப்பி, வளைச்சு வளைச்சு வச்சிருப்போம். ஒவ்வொரு வண்டியா அதுக்கு ஊடால பூந்து வரணும். பெட்டியில இடிச்சா அஞ்சு செகண்டு கூடுதலு. ஆளுக்கு ரெண்டு ஓட்டம், நல்ல ஓட்டம் எதுவோ அதை எடுத்துக்கிடுவாக. வாட்ச் பிடிக்கிறது திருத்தங்கல் பிரஸ்ல வேலை பாக்குற செல்வலட்சுமி. கால்ல விழுந்து கெஞ்சினாலும் கால் செகண்டு கொறைக்க மாட்டா.

மொத மொத நான் ஓட்டினப்ப எழுவத்தெட்டு செகண்டு. எல்லாரும் சிரிச்சானுக. அடுத்து எழுவது, அறுவத்தேழுன்னு எறங்கி அறுவத்து மூணுல வந்து ஆணி அடிச்ச மாதிரி நின்னுபோச்சு. முஹ்சின் அறுவத்தொண்ணு. டயர்ல காத்தைக் கொறைச்சுப் பாத்தேன், பின் சீட்டைக் கழட்டிப் பாத்தேன், வயித்தைக் கூடக் கொறைச்சேன். ம்ஹூம்.

அன்னைக்கு ஆடிப்பெருக்குக்கு முந்தின ஞாயிறு. அதுக்கப்புறம் சீசன், தீவாளி வரைக்கும் எனக்கு ஞாயிறும் கெடையாது, திங்களும் கெடையாது. விட்டா அம்புட்டுதான். எனக்கு ஒரு எடத்துல இருப்புக் கொள்ளல.

மொத ஓட்டத்துக்கு முஹ்சின் எம் பக்கத்து சீட்டுல ஏறிக்கிட்டான். பக்கத்துல ஆள் இருந்தா தப்பில்லன்னு கிளப்புல ஒரு வழக்கம். ஓடி முடிச்சேன். மறுபடியும் அறுவத்து மூணு.

"ஏலே, ஒவ்வொரு வளைவுக்கும் எதுக்குலே மேல பாக்குறே?"

"எங்கலே பாத்தேன்?"

"கண்ணாடியப் பாக்குறே. ஆக்ஸிலேட்டர்ல இருந்து கால எடுக்குறே. பெறகு வளைக்குறே. பின்னாடி என்னலே இருக்கு? ஒரு மண்ணும் இல்ல."

எனக்கு சுருக்குன்னுச்சு. பதினோரு வருசம் வெடி லோடு அடிக்கிறவன். வளைவு வந்தா மேல் அடுக்குப் பெட்டி அசையுதான்னு கண்ணு தானா போகும். போகலன்னா நான் இன்னைக்கு உசுரோட இருக்க மாட்டேன். இதைப் பருப்புக் கடைக்காரன் எனக்குச் சொல்லுறான்!

"எனக்கு வண்டி ஓட்டச் சொல்லித் தாரியோ? இந்தா, நீயே வச்சுக்கோ!" ஸ்க்ரூவைத் திருகி, கண்ணாடியக் கழட்டி அவன் கையில திணிச்சேன். கோவம்தான். வேற ஒண்ணுமில்ல.

அவன் சிரிச்சுக்கிட்டே வாங்கிட்டுப் போயி மாருதிக்குள்ள வச்சான். அவன் மொத ஓட்டம் அறுவத்தொண்ணரை.

எனக்கு ரெண்டாவது ஓட்டம். மொத வளைவுல கண்ணு மேல போச்சு. அங்கன ஒண்ணுமில்ல, மொட்டைக் கம்பிதான். சரி போன்னு முன்னாடி பாத்தேன். அடுத்த பெட்டி, அதுக்கடுத்த பெட்டி, எல்லாம் முன்கூட்டியே தெரியுது! கால எடுக்கவே தோணல. புழுதிய வாரி எறச்சுக்கிட்டு வந்து நின்னேன்.

"அறுவது புள்ளி ஒம்பது"ன்னா செல்வலட்சுமி. நான் போட்ட சத்தத்துல கரையில நின்ன கொக்கெல்லாம் பறந்துருச்சு.

இன்னும் முஹ்சினோட ரெண்டாவது ஓட்டம் பாக்கி. கெளம்பினான். நான் வேட்டிய அவுக்குறேன், கட்டுறேன், அவுக்குறேன். பய பறக்குறான்யா. கடைசி வளைவு வரைக்கும் ஒரு பெட்டியக் கூடத் தொடல. போச்சு, எல்லாம் போச்சுன்னு நெனக்கும்போது, கடைசிப் பெட்டிய டம்முன்னு இடிச்சான்.

"அம்பத்தொம்பது புள்ளி எட்டு. கூட அஞ்சு. பெத்தண்ணே, நீங்கதான் மொதலு."

எல்லாரும் கட்டிப் பிடிக்க வந்தானுக. நான் தள்ளிட்டு நேரா மாருதிக்கு ஓடினேன்.

"விட்டுக் குடுத்தியாலே? பிச்ச போடுறியா எனக்கு?"

"ச்சீ, போலே! உனக்கா விட்டுக் குடுப்பேன்?" அவன் கையில எங் கண்ணாடி. "டேஷ்போர்டு மேல வச்சிருந்தேன். கடைசி வளைவுல சறுக்கிருச்சு. ஸ்டீரிங்ல இருந்து ஒரு கைய எடுத்து அதைப் பிடிச்சேன்."

"ஒடஞ்சா ஒடஞ்சிட்டுப் போகுதுலே!"

"ஒடஞ்சா காலையில எதைப் பாத்துலே லோடு அடிப்பே, மடையா?"

ஜெயிச்சிட்டேன், ஆனா அழுகையா வருது. இன்னொரு ஓட்டம் வைங்கன்னு கத்தினேன். செல்வலட்சுமி வாட்சைப் பைக்குள்ள போட்டுட்டா. முஹ்சின் ஆம்னியில ஏறி, கண்ணாடிய அவனே முறுக்கி மாட்டினான்.

மறுநாள் திருத்தங்கல் ரோட்டுல வளைவு. கண்ணு மேல போச்சு. மேல் அடுக்கு அசையாம இருந்துச்சு. கண்ணாடி மூலையில அவன் பெருவெரல் தடம், புழுதியோட. துடைக்கக் கையத் தூக்கினேன், மனசு வரல. தீவாளி முடியட்டும், கண்மாய்ல அவனுக்கு இருக்கு.